எதிர்க்கரையின் எண்

இலையுதிர் காலத்தில் பாஞ்ச் ஆற்றைக்
கல்லெறிந்தே கடந்துவிடலாம்.
ஒரு தொலைபேசி அழைப்பு கடக்க
நான்கு அமைச்சகங்களின் கையெழுத்து வேண்டியிருந்தது.
கூடவே வியன்னாவிலிருந்து
ஒரு மேசை, இரண்டு பேனா, ஒரு குட்டிக் கொடி.
கொடி யாருடையது என்றேன்.
எல்லோருடையதும் என்றார்கள்.
அதனால் அதைத் துடைக்க யாரும் வரவில்லை.

நான் ஒய்னிஹோல்,
இஷ்காஷிம் தொடர்பு அலுவலகம், தஜிகிஸ்தான்.
அக்கரை ஊருக்கும் அதே பெயர்தான்.
பாகப்பிரிவினையில்
ஊர் ஆளுக்குப் பாதி,
குளிர் மட்டும் பொது.

வியாழன் காலை பத்து மணிக்குச் சோதனை அழைப்பு.
விதிப்படி ரஷ்ய மொழியில் கேட்பேன்.
விதிப்படி அவர் தாரியில் சொல்வார்.
பிறகு இருவரும் சிரித்துவிட்டு
அடுப்படியில் பேசும் மொழிக்கு இறங்கிவிடுவோம்.
சில ஆயிரம் வாய்களில் மிஞ்சிய மொழி,
எந்தப் படிவமும் அதில் அச்சானதில்லை.

கதம் ஷா.
குரலைத் தவிர ஒன்றும் தெரியாது எனக்கு.
கொஞ்சம் சளி பிடித்த குரல்.
"தண்ணீர் எவ்வளவு?" என்பேன்.
முழங்கால் என்றால், ஆள் கடக்கிறான்.
இடுப்பு என்றால், சரக்கோடு.
கழுத்து என்றால்
துப்பாக்கியும் சேர்ந்து நீந்துகிறது.

ஒருநாள் இரவு "இடுப்பு" என்றார்.
"லாரி டியூப், பிளந்த பாறைக்குக் கீழே."
மூன்று பேர், நாற்பத்தொரு கிலோ.
துஷான்பே பாராட்டியது.
அறிக்கையில் ஒரு வரைபடம் ஒரு மில்லிமீட்டர் உயர்ந்தது.
மூன்றாவது ஆள் சோயிர்பெக், அறுபது வயது,
மாவுக் கடனுக்காக நனைந்தவர்.
என் தேநீரை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு கேட்டார்:
"அக்கரைக்கு எண் வைத்திருக்கிறாய்.
இதை அனுப்பியவனுக்கு,
ஓஷ் நகரத்தில் வாங்கப்போகிறவனுக்கு
எண் வைத்திருக்கிறாயா?"
அதை எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை.
பின்பக்கத்தில் எழுதி வைத்தேன்.
பின்பக்கத்தை ஸ்கேன் எடுக்கமாட்டார்கள்.

பிறகு அந்த ஆகஸ்ட்.
அக்கரையில் கொடி மாறியது.
வியாழன், பத்து மணி.
மணி அடித்தது, அடித்தது,
ஓர் அறையின் அளவு
அதன் வெறுமையில் கேட்டது.
பதிவேட்டில் எழுதினேன்: பதில் இல்லை.
அடுத்த வியாழனும். அதற்கடுத்ததும்.
வியன்னாவிலிருந்து படிவம் வந்தது:
ஒத்துழைப்பின் நிலை
நன்று, திருப்தி, மேம்பட வேண்டும்,
ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும்.

அவர்களுடைய வியாழன் ஒன்றும் தவறவில்லை.
அவர்களுக்கு விசா இல்லை, மொழிபெயர்ப்பாளர் இல்லை,
ஆட்சி கவிழ்ந்த அன்றும் கடைதிறந்தார்கள்.
அபினிக் கட்டிக்குப் பதிலாக
மலைப்புதரைக் காய்ச்சிய வெள்ளைப் பளிங்கு இப்போது.
எங்கள் மலைகளில் ஏறி, ஓஷில் வண்டி மாறி,
வோல்காவின் ஏதோ ஓர் ஊரில்
லிஃப்ட் பழுதான குடியிருப்பின் ஐந்தாம் மாடிக்குப்
படியேறிப் போகும் அது.
அங்கே ஒரு பையன்
கதவைத் திறந்து வைத்திருப்பான்.

இரண்டாம் வருடம் மார்ச்.
மின்சாரம் போன இரவு.
ஜன்னலுக்கு எதிரே, அக்கரையில், ஒரு விளக்கு.
தரையோடு கிடந்தது. மேய்ப்பன் என்று நினைத்தேன்.
முழங்கால் உயரத்துக்கு வந்தது.
இன்னும் கொஞ்சம் ஏறி
இடுப்பில் நின்றது.

நின்றது.

இருமல் சத்தம் கேட்குமா என்று காது கொடுத்தேன்.
ஆறு அத்தனைக்கும் இடம் விடவில்லை.
எல்லைக்காவல் படைக்குச் சொல்லிவிட்டு
என் டார்ச்சை ஒரே ஒரு முறை
எரித்து அணைத்தேன்.
எந்த ஒப்பந்தத்திலும் இல்லாத ஒன்று அது.

விடிவதற்குள் பிளந்த பாறையருகே இரண்டு டியூப்.
தகவல் யார் தந்தது என்று துஷான்பே கேட்டது.
தூக்கம் வரவில்லை, ஜன்னலில் நின்றேன் என்றேன்.

வியாழன் பத்து மணிக்கு வழக்கம்போலச் சுழற்றினேன்.
முழுதாக அடித்து ஓயவிட்டு,
பேனா நடுங்காமல்,
கட்டத்துக்குள் அடங்கும் எழுத்தில் எழுதினேன்:
பதில் இல்லை.